லினக்ஸ் ரூட்டரில் பேண்ட்வித் லிமிட் தவறும்போது: குறையிலிருந்து பிழைக்கு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில், விசைத்தறிக் கூடங்களும் வீடுகளுமாக ஏறத்தாழ 180 இணைப்புகளுக்கு இணையம் கொடுக்கும் ஒரு சிறிய கேபிள் நெட்வொர்க்கின் ரூட்டரைப் பராமரித்து வருகிறேன். டெபியன் ஏற்றிய ஒரு கணினியில் இரண்டு ஈதர்நெட் இடைமுகங்கள் உள்ளன. மேலிருந்து 500 எம்பிட் லைன் வந்து சேரும் ஈத்0 வெளிப்பக்கம். சந்தாதாரர்களை நோக்கிய ஈத்1 உள்பக்கம். உள்ளே 10.20 என்று தொடங்கும் தனி முகவரிகள் இருக்கின்றன; அவை நாட் (தனி முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் முறை) வழியாக ஒரே பொது முகவரியில் வெளியேறுகின்றன. லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவியான டிசியில், வேகத்தை மரம் போலப் பங்கிடும் எச்டிபி முறையில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு வகுப்பு உண்டு. வகுப்பின் 'ரேட்' உறுதியான வேகம், 'சீல்' உச்ச வேகம். எந்தப் பாக்கெட் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்பதை வடிகட்டி என்ற விதி தீர்மானிக்கிறது. இந்த அமைப்பை மனத்தில் வைத்தே கீழே எழுதுகிறேன். பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) அல்லது விலான் (ஒரே கம்பியைப் பல தனி வலைகளாகப் பிரிக்கும் முறை) வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

எந்தக் குறை வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

வேக எண்ணைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது பலருடைய முதல் வேலையாக இருக்கிறது. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். குறை சொன்ன சந்தாதாரரிடம் பெரிய கோப்பு ஒன்றை இறக்கச் சொல்லிவிட்டு, 'டிசி -எஸ் கிளாஸ் ஷோ டெவ் ஈத்1' என்ற கட்டளையை 10 வினாடி இடைவெளியில் இரண்டு முறை ஓட்டி, அவருடைய வகுப்பில் 'சென்ட்' என்று காட்டும் பைட் கணக்கில் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள். 20 எம்பிட் பிளான் முழு வேகத்தில் ஓடினால் 10 வினாடியில் 25 மெகாபைட் ஏறியிருக்கும்.

கணக்கு ஏறவே இல்லை என்றால் பாக்கெட் அந்த வகுப்புக்கு வரவில்லை. பிழை வடிகட்டியில் இருக்கிறது. 25க்கு மிக அதிகமாக ஏறினால், வகுப்பு சரி, அதற்குக் கொடுத்த எண் தவறு. சரியாக 25 ஏறியும் சந்தாதாரர் குறை சொன்னால், பழுது அவர் வீட்டு வைஃபையிலோ, வழியில் இருக்கும் பெட்டியிலோ, வரிசையின் தாமதத்திலோ இருக்கிறது. இந்த ஒரு கழித்தலே பாதித் தேடலை மிச்சப்படுத்திவிடும்.

அதோடு 'டிசி -எஸ் கியூடிஸ்க் ஷோ டெவ் ஈத்1' என்பதையும் ஓட்டி, எச்டிபி வரியில் 'டைரக்ட்_பாக்கெட்ஸ்_ஸ்டாட்' என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வடிகட்டியிலும் சிக்காமல், எந்த வகுப்புக்குள்ளும் போகாமல், கட்டுப்பாடின்றி வெளியேறிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அது. அது வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் வேலியில் ஓட்டை இருக்கிறது.

குறை: லிமிட் போட்டும் வேகம் அடங்கவில்லை

இதைச் சந்தாதாரர் யாரும் போன் செய்து சொல்ல மாட்டார். மேல் லைன் நிரம்பி, மற்றவர்கள் புலம்பத் தொடங்கிய பிறகு நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அலகைப் பாருங்கள். டிசி கட்டளையில் 'எம்பிட்' என்றால் வினாடிக்கு மெகாபிட். 'எம்பிபிஎஸ்' என்றால் வினாடிக்கு மெகாபைட். நாம் பேச்சில் மெகாபிட்டைத்தான் எம்பிபிஎஸ் என்று சொல்லிப் பழகியிருப்பதால், கை தானாக அதையே தட்டிவிடுகிறது. '20எம்பிபிஎஸ்' என்று எழுதினால் 160 மெகாபிட் போகும். டிசி எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. திருப்பூர் சாலையில் ஒரு பனியன் கம்பெனிக்கு நானே இப்படி எழுதி வைத்து, ஒரு மாதம் முழுவதும் அவர்கள் எட்டு மடங்கு வேகத்தில் டிசைன் படங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிழையைத் திருத்திய மறுநாள்தான் அங்கிருந்து முதல் முறையாகப் புகார் வந்தது. அளந்த வேகம் பிளானைப் போல் சரியாக எட்டு மடங்காக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

அலகு சரியாக இருந்து, வகுப்பின் கணக்கு மட்டும் ஏறவில்லை என்றால், ஐபி பதிப்பு 6ஐச் சந்தேகியுங்கள். 'புரோட்டோகால் ஐபி' என்று எழுதிய வடிகட்டி பதிப்பு 4ஐ மட்டுமே பிடிக்கும். மேல் லைன் பதிப்பு 6 முகவரியும் கொடுத்து, அதை நீங்கள் வீடுகளுக்கும் பகிர்ந்திருந்தால், யூடியூப் போன்ற பெரிய தளங்களின் போக்குவரத்து பெரும்பாலும் அந்த வழியாகவே போய்விடும். பதிப்பு 4 மட்டும் உள்ள தளங்களில் லிமிட் ஒழுங்காக வேலை செய்வது போலத் தோன்றும். 'சில சைட்டில் அடங்குகிறது, சில சைட்டில் பறக்கிறது' என்றால் ஏறக்குறைய எப்போதும் காரணம் இதுதான். அந்தச் சந்தாதாரருக்கு ஒதுக்கிய பதிப்பு 6 முன்னொட்டைப் பிடிக்கும் இரண்டாவது வடிகட்டி ஒன்றை, வேறு பிரையாரிட்டி எண்ணில், அதே வகுப்பை நோக்கி எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே வகுப்பு இருப்பது முக்கியம். தனித்தனி வகுப்பு கொடுத்தால் பிளானைப் போல் இரு மடங்கு போய்விடும்.

பிபிபிஓஇ அல்லது விலான் வைத்திருப்பவர்கள், அடிப்படை ஈதர்நெட் இடைமுகத்தில் வடிகட்டி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அங்கே பாக்கெட் பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும். பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் 'டிசிபிடம்ப் -இ' ஓட்டினால் ஈதர்நெட் வகை 8864 என்று தெரியும். ஐபி முகவரியைத் தேடும் வடிகட்டிக்கு அந்த உறைக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் உருவாகும் பிபிபி இடைமுகத்தில், அல்லது விலான் இடைமுகத்திலேயே கட்டுப்பாட்டை வைப்பதுதான் சரி.

இன்னொரு காரணம் வேகமூட்டும் வசதிகள். ரூட்டரில் ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடு இயங்கினால், இணைப்பு நிலைபெற்ற பிறகு பாக்கெட்டுகள் சிப்பின் வழியாகவே தாண்டிப் போய்விடும். டிசி அவற்றைக் காணவே காணாது. மென்பொருள் வழியிலான ஃப்ளோடேபிளில் நிலைமை கொஞ்சம் தந்திரமானது: வெளியேறும் வரிசை வேலை செய்யும், ஆனால் ஃபார்வர்டு சங்கிலி (ரூட்டரைக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபயர்வால் விதிகள்) தவிர்க்கப்படுவதால் அங்கே நீங்கள் இடும் மார்க் என்ற அடையாள எண் பாக்கெட்டில் இருக்காது, மார்க்கை நம்பிய வடிகட்டிகள் எல்லாம் வெறுமையாக நிற்கும். கட்டுப்பாடு வேண்டுமானால் ஆஃப்லோடை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

வகுப்பு எண்களைப் பற்றியும் ஒரு சொல். டிசியில் வகுப்பு எண்ணும், எச்டிபியின் 'டிஃபால்ட்' எண்ணும் பதினாறின் அடிப்படையில் படிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் தொல்லை இல்லை. ஸ்கிரிப்டில் ஒன்றைப் பதின்ம எண்ணாகவும் மற்றொன்றை மாற்றியும் அச்சிட்டால் 'டிஃபால்ட்' இல்லாத வகுப்பைக் காட்டும். இல்லாத வகுப்பைக் காட்டினால் எச்டிபி பிழை சொல்லாமல் பாக்கெட்டைக் கட்டுப்பாடின்றி அனுப்பிவிடும். மேலே சொன்ன டைரக்ட் கணக்கு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை: டவுன்லோடு அடங்குகிறது, அப்லோடு அடங்கவில்லை

ஓர் இடைமுகத்திலிருந்து வெளியேறும் பாக்கெட்டுகளைத்தான் லினக்ஸ் வரிசையில் நிறுத்தி நிதானப்படுத்தும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீரைப் பிடிக்கலாம். வயலுக்குள் பாய்ந்துவிட்ட தண்ணீரை வரப்பில் நின்று அளக்கலாமே ஒழியத் திருப்பி அனுப்ப முடியாது. டவுன்லோடு ஈத்1 வழியாக வெளியேறுகிறது. அப்போது சேருமிடம் 10.20 முகவரியாகவே இருப்பதால் வடிகட்டி எளிதாகப் பிடிக்கிறது. அப்லோடு ஈத்0 வழியாக வெளியேறுகிறது. ஆனால் அந்த இடத்துக்கு வரும் முன்பே நாட் வேலை முடிந்து, 180 பேருடைய பாக்கெட்டுகளும் ஒரே பொது முகவரியைச் சுமந்து நிற்கின்றன. 'மூல முகவரி 10.20.3.7' என்று ஈத்0இல் எழுதிய வடிகட்டி ஒரு பாக்கெட்டைக்கூடப் பார்க்காது. இந்தப் பிழையை எழுத்துப்பிழை என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடியவர்கள் நிறைய.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலின் மேங்கிள் அட்டவணையின் ஃபார்வர்டு சங்கிலியில், முகவரி மாறும் முன்பே, சந்தாதாரருக்கு ஒரு மார்க் இட்டுவிட்டு, ஈத்0இல் அந்த மார்க்கைப் பார்க்கும் வடிகட்டியை வைப்பது. மற்றொன்று, ஈத்1இல் உள்ளே வரும் பாக்கெட்டுகளை ஐஎஃப்பி என்ற பொய் இடைமுகத்துக்குத் திருப்பி, அதன் வெளியேறும் பக்கத்தில் எச்டிபி மரத்தைக் கட்டுவது. இரண்டாவதில் முகவரி இன்னும் மாறாமல் இருப்பதால் டவுன்லோடுக்கு எழுதியதையே மூல முகவரிக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஐஎஃப்பிக்குத் திருப்புவது கெர்னலின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரின் எல்லாச் சங்கிலிகளுக்கும் முன்பே நடந்துவிடும் என்பதால், அங்கே ஐபிடேபிள்ஸ் மார்க்கை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு வழிகளையும் கலந்துகொண்டு குழம்புவது வழக்கம்.

ஐஎஃப்பி வைத்த பிறகு அப்லோடு அடியோடு நின்றுபோனால், அந்த இடைமுகத்தை எழுப்ப மறந்திருப்பீர்கள். கெர்னல் பதிவில் 'டிசி மிர்ரெட் டு ஹூஸ்டன்: டிவைஸ் ஐஎஃப்பி0 இஸ் டவுன்' என்று ஒரு வரி கிடைக்கும், விண்வெளிக்காரர்களின் பேச்சைக் கேலியாக எடுத்து எழுதிவைத்த செய்தி அது. 'ஐபி லிங்க் செட் ஐஎஃப்பி0 அப்' போதும்.

அப்லோடு நிற்காமல், ஆனால் பிளான் வேகத்தை எட்டாமல் தடுமாறினால், ஐஎஃப்பியின் வரிசை நீளத்தைப் பாருங்கள். 'ஐபி லிங்க்' காட்டும் கியூலென் அங்கே 32தான். சாதாரண ஈதர்நெட்டில் அது 1000. எச்டிபி மரத்தின் நுனியில் இருக்கும் இலை வகுப்பில் நீங்கள் தனியாக எதையும் பொருத்தாவிட்டால், அந்த 32 பாக்கெட் இடமுள்ள எளிய வரிசையே இலையில் அமரும். ஒரே வீட்டில் இரண்டு பேர் வீடியோ அனுப்பத் தொடங்கினாலே அது வழிந்து பாக்கெட்டுகள் விழும். இலை தோறும் எஃப்க்யூ_கோடெல் என்ற வரிசை முறையைப் பொருத்தினால் இந்தப் பிரச்சினை தீரும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

குறை: "ஏனுங்க, 20ன்னு சொல்லிக் கொடுத்தீங்க, 12 தானுங்க வருது"

இங்கே முதல் கேள்வி, கேபிள் செருகி அளந்தாரா, வைஃபையில் அளந்தாரா என்பதே. தறிக்கூடத்து ஆஃபீஸ் அறையில் ரூட்டரை இரும்புப் பீரோ மேல் வைத்துவிட்டு, கூடத்தின் மறு கோடியில் நின்று போனில் அளந்தவருக்கு டிசியால் உதவ முடியாது. இரண்டாவது, அவர் பார்த்தது மெகாபிட்டா, மெகாபைட்டா என்பது. டவுன்லோடு மென்பொருள் 2.4 என்று காட்டினால் அது 20 எம்பிட் பிளான் ஒழுங்காக ஓடுவதற்கான சான்று.

19 வருகிறது என்று சொல்பவருக்கும் விடை உண்டு. எச்டிபி ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து எண்ணுகிறது. 1514 பைட் பாக்கெட்டில் டிசிபி சுமக்கும் தரவு 1448 பைட்தான் என்பதால், 20க்கு 19.1 வருவதே கணக்கு. விற்கும் வேகத்தைவிட ஐந்து விழுக்காடு கூட்டி 'சீல்' வைத்துவிட்டால் இந்தப் பேச்சு முடிந்துவிடும்.

12 என்பது வேறு. வகுப்பின் விவரத்தில் பர்ஸ்ட் (ஒரே மூச்சில் அனுப்ப விடும் பைட் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் டிசி பெரும்பாலும் 1600 பைட் போன்ற மிகச் சிறிய அளவைத் தானே போட்டுக்கொள்ளும். அதாவது ஒரே ஒரு பாக்கெட். ரூட்டர் சற்றே தாமதித்து விழித்துக்கொண்டாலும் அந்த நேரத்தில் அனுப்பியிருக்க வேண்டியதை ஈடுகட்ட முடியாது. 10 மில்லிவினாடிக்கு உரிய பைட்டுகளைக் கொடுப்பது என் வழக்கம்: 20 எம்பிட்டுக்கு 25 கிலோபைட், 100 எம்பிட்டுக்கு 125 கிலோபைட். சிபர்ஸ்டுக்கும் அதே அளவைக் கொடுக்க மறக்க வேண்டாம், ஏனெனில் ரேட்டுக்கு மேலே சீல் வரை கடன் வாங்கி ஓடும்போது வேலை செய்வது அதுதான்.

ஐஎஃப்பி வேண்டாம் என்று உள்வரும் பக்கத்தில் 'போலீஸ்' முறையை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை இன்னும் கடுமையாக வரும். போலீஸ் முறை நிறுத்திவைப்பதில்லை. அளவைத் தாண்டியதை வீசிவிடுகிறது, அனுப்புபவர் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அதிலும் ஜிஆர்ஓ இயங்கினால் பல பாக்கெட்டுகள் ஒன்றாக ஒட்டி 64 கிலோபைட் வரை பெருத்து வரும். 10 கிலோபைட் பர்ஸ்ட் கொடுத்த போலீஸ் அந்த மொத்தக் கட்டையும் ஒரே வீச்சில் வீசிவிடும். 'ஈத்டூல் -கே ஈத்1 ஜிஆர்ஓ ஆஃப்', அந்த கே பெரிய எழுத்து, என்று ஒரு முறை அணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வேகம் உயர்ந்தால் பர்ஸ்டைப் பெரிதாக்குங்கள். ஜிஆர்ஓவை நிரந்தரமாக அணைப்பது சிபியுவுக்குச் சுமை.

குறை: வேகம் சரி, ஆனால் ஒருவர் டவுன்லோடு போட்டால் வீட்டில் மற்றவர்களின் வீடியோ கால் தடைபடுகிறது

சந்தாதாரரின் வகுப்பு நிரம்பியிருக்கும்போது அவர் வீட்டிலிருந்து பிங் ஓட்டச் சொல்லுங்கள். 20 மில்லிவினாடி 600 ஆகிறது என்றால் இலையில் நீளமான எளிய வரிசை இருக்கிறது. 1000 பாக்கெட் என்பது 12 மெகாபிட் தரவு. 20 எம்பிட்டில் அது வடிய 0.6 வினாடி, 5 எம்பிட் பிளானில் 2.4 வினாடி. ஒவ்வொரு இலைக்கும் எஃப்க்யூ_கோடெலைப் பொருத்துங்கள். கெர்னல் 3.5இலிருந்தே அது இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்தையும் தனித் தனி வரிசையில் வைத்து, 5 மில்லிவினாடிக்கு மேல் தொடர்ந்து தேங்கும் ஓட்டத்தில் மட்டும் பாக்கெட்டை விட்டுவிடுகிறது. 1 எம்பிட் போன்ற சிறிய அப்லோடு பிளானில் மட்டும் அந்த 5ஐ 15 ஆக உயர்த்துங்கள். அங்கே ஒரு முழு பாக்கெட் வெளியேறவே 12 மில்லிவினாடி ஆகிறது. கெர்னல் 4.19இல் வந்த கேக் என்ற வரிசை முறையையும் இலையில் வைக்கலாம், ஆனால் பழைய கணினியில் அது கூடுதலாகச் சிபியு கேட்கும்.

இலையை மாற்றிய பிறகும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பிங் ஏறினால், தேக்கம் உங்களிடம் இல்லை, மேலே இருப்பவரின் பெட்டியில் இருக்கிறது. சந்தாதாரர் வகுப்புகளுக்கு மேலே இருக்கும் தாய் வகுப்புக்கு 500 கொடுத்திருப்பீர்கள், 475 கொடுங்கள். லைனை விடச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் வரிசை உங்கள் ரூட்டரில் உருவாகும். இல்லாவிட்டால் நீங்கள் கட்டிய மரம் அலங்காரம்.

குறை: சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லோருக்கும் மெதுவாகிறது

திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமை கூலி கைக்கு வந்த இரவில் இது உச்சத்துக்குப் போகும். மேல் லைன் உண்மையிலேயே போதவில்லையா, பங்கீடு தவறா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எச்டிபியில் ஒரு பிள்ளை வகுப்பு, தன் 'ரேட்' அளவு வரை தாயைக் கேட்காமலே அனுப்பிக்கொள்ளும். அதற்கு மேல், சீல் வரைதான் தாயிடம் கடன் கேட்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் பிளான் வேகத்தையே ரேட்டாகவும் கொடுத்திருந்தால், 180 பேருக்கு 20 வீதம் 3600 எம்பிட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். தாயின் 475 என்ற வரம்பு மதிக்கப்படாது, தேக்கம் மறுபடியும் மேலே போய்விடும். ரேட்டை 2 எம்பிட்டாகவும் சீலைப் பிளான் வேகமாகவும் வையுங்கள். 180 பேருக்கு 360 ஆகும். மீதியைக் கேட்பவர்கள் கடனாகப் பகிர்ந்துகொள்வார்கள். எல்லா வகுப்புகளும் வேரின் கீழ் நேரடியாகத் தொங்காமல் ஒரே தாய் வகுப்பின் கீழ் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேரில் தொங்குபவை ஒன்றுக்கொன்று கடன் கொடுக்காது.

இந்த மாற்றத்தில் இன்னொரு தொல்லையும் தானாகத் தீரும். ரேட் 16 எம்பிட்டுக்கு மேல் போனால் 'குவாண்டம் பெரிதாக இருக்கிறது, ஆர்2க்யூவை மாற்றுக' என்ற பொருளில் கெர்னல் முணுமுணுக்கும். குவாண்டம் என்பது ஒரு வகுப்பு தன் முறை வரும்போது அனுப்பும் பைட் அளவு; பைட்டில் கணக்கிட்ட ரேட்டை ஆர்2க்யூவின் வழக்கமான மதிப்பான 10ஆல் வகுத்து வரும் அந்த அளவு 2,00,000 பைட்டைத் தாண்டுவதே காரணம். 2 எம்பிட்டுக்கு அது 25,000, முணுமுணுப்பு நின்றுவிடும். தாய் வகுப்புக்கு மட்டும் வரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம், குவாண்டம் இலைகளுக்கே உரியது.

பங்கீடு சரியாக இருந்தும் மொத்தம் 475ஐ எட்டாமல் 300இல் நின்றால் 'எம்பிஸ்டாட் -பி ஆல் 1' ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கோர் மட்டும் சாஃப்ட்ஐஆர்க்யூவில் (பாக்கெட்டுகளைக் கையாளும் கெர்னல் வேலை) 100 விழுக்காடு எரிந்து, மற்றவை சும்மா இருக்கும். ஓர் எச்டிபி மரம் முழுவதற்கும் ஒரே பூட்டுதான். கோர்களைக் கூட்டினால் பயனில்லை. வடிகட்டிகளையாவது இலகுவாக்கலாம்: வரிசையாக எழுதிய 180 வடிகட்டிகளை ஒவ்வொரு பாக்கெட்டும் ஒன்றன்பின் ஒன்றாக உரசிப் போவதற்குப் பதிலாக, யு32 என்ற வடிகட்டி வகையின் 256 அறைகள் கொண்ட ஹாஷ் அட்டவணையில் முகவரியின் கடைசி எண்ணைக் கொண்டு நேராக அறைக்குத் தாவச் செய்யலாம். ஆயிரங்களில் சந்தாதாரர் வைத்திருப்பவர்கள், கோருக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுக்கும் லிப்ரிக்யூஓஎஸ் போன்ற திறந்த மென்பொருளுக்கு மாறிவிடுவது நல்லது.

குறை: லிமிட் ஸ்கிரிப்டை ஓட்டியவுடன் எல்லோருக்கும் நெட் நின்றது

'டிஃபால்ட்' வகுப்புக்கு 64 கேபிட் போன்ற தண்டனை வேகம் கொடுத்திருப்பீர்கள். ஐபி முகவரிக்கு உரிய கருவி எது என்று கேட்கும் ஏஆர்பி பாக்கெட்டுகள் ஐபி வடிகட்டியில் சிக்காமல் அந்த வகுப்பில் போய் விழுந்து, ஊர் பேர் தெரியாத போக்குவரத்தோடு சேர்ந்து நசுங்கும். முகவரி தெரியாமல் யாருக்கும் எதுவும் போகாது. ஏஆர்பிக்குத் தனி வடிகட்டியும் சில எம்பிட் ரேட்டுள்ள வகுப்பும் கொடுங்கள்.

குறை: கரண்ட் போய் வந்த பின் யாருக்கும் லிமிட் இல்லை

டிசி விதிகள் நினைவகத்தில் மட்டுமே வாழ்கின்றன. இடைமுகம் எழுந்த பிறகு ஓடும்படி சிஸ்டம்டியில் ஒரு சேவையாக ஸ்கிரிப்டை வையுங்கள். பிபிபிஓஇயில் சந்தாதாரரின் பெட்டி அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் பிபிபி இடைமுகம் புதிதாகப் பிறப்பதால், இணைப்பு எழும்போது ஓடும் ஐபி-அப் கோப்புறையில் வைத்த ஸ்கிரிப்ட்தான் ஒரே வழி; ஆக்செல்-பிபிபி என்ற சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஷேப்பர் பகுதியே ரேடியஸிலிருந்து (சந்தாதாரர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) வேகத்தை வாங்கிப் பொருத்திவிடும்.

ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டும்போது 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' அல்லது 'எக்ஸ்க்ளூசிவிட்டி ஃப்ளாக் ஆன்' என்று வந்தால் 'ஆட்' என்ற இடங்களை 'ரீப்ளேஸ்' ஆக்குங்கள். பிளான் மாறிய சந்தாதாரரின் வகுப்பை அழிக்க முயன்று 'பிஸி' என்று பதில் வந்தால், அவருடைய வடிகட்டி இன்னும் அந்த வகுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அழிக்க வேண்டியதே இல்லை, 'டிசி கிளாஸ் சேஞ்ச்' கொண்டு சீலை மட்டும் மாற்றினால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோகூட நிற்காது.